முதல்ல வாயைப் பாருங்கோ

செய்தி கொண்டு வந்தவரையே நான் முதலில் நம்பவில்லை. கோட்டைப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் மாணிக்கக் கோனார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அகத்துக்கு இருபது வருஷமாகப் பால் ஊற்றுகிறவர். "டீச்சரம்மா, கோதையம்மா போயிட்டாங்க. காலையில ஆறு மணிக்கு" என்றார். "எங்கே போயிட்டாங்க?" என்று கேட்டேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதும் என் மனசு, மூன்று நாள் ஜுரத்தில் யாராவது போவார்களா, இவர் யாரோ சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் வாதாடியது. என் சுபாவம் அப்படி. உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் உப்பு என்று ஒப்புக்கொள்வேன்.

ஜட்கா காவேரிப் பாலத்தைத் தாண்டி உத்தர வீதிக்குள் திரும்பியது. எங்கள் வாசலில் கோலம் இல்லை. மன்னி அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்த வாசல் வெறிச்சென்று கிடந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

கோதை மன்னி என் அண்ணாவின் மனைவி. நம் மாதர் சங்கத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. உங்களில் பாதிப்பேர் வீட்டுக் குழந்தைகளின் வாயில் அவள் விரல் போயிருக்கிறது. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று மார்பைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறது என்றால் உத்தர வீதியில் கோதை மாமியைக் கூப்பிடு என்பார்கள். அவளைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். "அன்னிக்குப் பல்லைக் கண்டு சொல்லி மன்னியைக் காப்பாத்தினதே நீங்கதானே, அதை எழுதுங்கோ" என்றார்கள். எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி அது இருக்காது.

முதலில் திருவானைக்காவலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நானும் கூடப் போயிருந்தேன். ஏழு மாதக் குழந்தை. இரண்டு நாளாக, பசித்துத் தாவி மார்பில் வாய் வைக்கிறது, நாலு தரம் உறிஞ்சுகிறது, உடனே விலகி உடம்பை முறுக்கிக்கொண்டு கத்துகிறது. வீட்டில் ஆளுக்கொரு கட்சி. எதிர்வீட்டுக்காரியின் கண் பட்டுவிட்டது என்று மாமியார் உப்பும் மிளகாயுமாக நிற்கிறாள். மாட்டுப்பெண் கண்டதைத் தின்று பாலைக் கெடுத்துக்கொண்டாள் என்று நாத்தனார் முணுமுணுக்கிறாள். அந்தப் பெண்ணோ மூலையில் உட்கார்ந்து அழுகிறது. மன்னி நேரே கிணற்றடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "முதல்ல வாயைப் பாருங்கோ. அப்புறம் மத்ததைப் பேசுங்கோ" என்று சொல்லிக்கொண்டே விரலைக் குழந்தையின் கீழ் ஈறில் வைத்து மெல்ல ஓட்டினாள். "நன்னா வீங்கியிருக்கு. உறிஞ்சறச்சே ஈறு விண்ணுவிண்ணுனு தெறிக்கும். பசியும் இருக்கு, வலியும் இருக்கு. அது என்னதான் பண்ணும், பாவம்?" குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழந்தையின் வாயில் கொடுத்தாள். அது ஆவேசமாகக் கடித்தது. கால்மணி நேரம் கழித்து, அரைத்தூக்கத்தில் இருந்த குழந்தையைத் தாயின் மடியில் விட்டாள். குடித்தது. அந்த மிளகாய் சாயங்காலம் ரசத்துக்குப் போயிற்று.

பல் முளைத்த குழந்தை கடித்தால் தாய் அலறக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு கட்டளை. "நீ வீல்னு கத்தினா அது பயந்துக்கும். அப்புறம் மார்பைக் கண்டாலே அழும். கடிச்சா இழுக்காதே, இன்னும் கிட்டக்க அணைச்சுக்கோ, தானா வாயைத் திறக்கும். இல்லேன்னா சுண்டுவிரலை வாயோரத்துல விட்டு எடுத்துடு" என்பாள். கேட்கிற பெண்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை அலறியதற்கு என்ன விலை கொடுத்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் பல்லின் தலையில் போடுகிறவளும் இல்லை அவள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பிட்டரின் மனைவி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவ்வளவு தூரம் வந்தாள். "பல்லுதானுங்களே மாமி? பல்லுதான்னு சொல்லிடுங்க, எனக்கு நிம்மதியாயிடும்" என்றாள். மன்னி வாயைப் பார்த்தாள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சது பல்லு ஒண்ணுதாம்மா. இது பல்லு இல்லை. உடம்பு அனலாக் கொதிக்கறது, காதைத் தொட்டா துடிக்கறது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றவள், தானே ஜட்கா பிடித்து அவளோடு போனாள். அந்தக் குழந்தை பிழைத்தது. தனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. எல்லோரும் என்னைப் போலத்தான், தெரியாததையும் தெரிந்ததாக வைத்துக்கொண்டு அதன்மேல் நாலு மாடி கட்டிவிடுவார்கள்.

இனி, நீங்கள் கேட்ட கதை.

நான் அப்போது புக்ககத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். ஐந்து வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. "அவர் கோயிலுக்குப் போயிருக்கார்" என்று அந்த வீட்டில் நாலு பேர் ஒரே குரலில் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், அவருக்கு வேறிடத்தில் கல்யாணம் நிச்சயமாகிக்கொண்டிருந்தது. அதன் பிறகு நான் எவர் பேச்சையும் முழுசாக நம்பியதில்லை. பிறந்தகத்துக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தவள், மற்றவர்கள் முகத்தை அளந்துகொண்டே பொழுதைப் போக்கினேன்.

அண்ணாவுக்கு ரங்கூனில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மன்னிக்குச் சீமந்தம் ஆன கையோடு கப்பலேறிவிட்டார். வேதா லால்குடியில், மன்னியின் பிறந்தகத்தில் பிறந்து, மூன்றாம் மாதம் ஸ்ரீரங்கம் வந்தாள். அண்ணா குழந்தையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எட்டாம் மாதம் ஒருநாள் காலையில், மன்னி அலறிய சத்தம் கேட்டது. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லை" என்றாள். அன்றிலிருந்து வேதா மார்பில் வாய் வைக்கவில்லை. மடியில் சாய்த்தாலே அழுதாள்.

எங்கள் பக்கத்தில் சவலை என்று சொல்வார்கள். கைக்குழந்தைக்காரி மறுபடி உண்டானால் பால் மாறிப்போகும், மடியில் இருக்கிற குழந்தை அந்தப் பாலை ஒதுக்கி இளைத்துப்போகும் என்பது நம்பிக்கை. பக்கத்தகத்து மாமி வந்தாள். வேதாவைப் பார்த்தாள். மன்னியின் வயிற்றைப் பார்த்தாள். "ஏன்டி, குழந்தை சவலை பாயறாப்பல இருக்கே?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அண்ணா கப்பலேறிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

பல் என்று ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். "எங்காத்துக் குழந்தைகளுக்கு ஆண்டு நிறைஞ்சப்புறம்தான் பல்லு" என்பது அம்மாவின் பெருமை. அண்ணாவுக்கும் அப்படி, எனக்கும் அப்படி. வம்சத்தில் இல்லாதது வாயில் எப்படி இருக்கும்? ஆகவே யாரும் வாயைப் பார்க்கவில்லை. மன்னிக்கோ முதல் குழந்தை, அவள் என்ன கண்டாள்?

நான் பார்த்தேன், வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும். துவைக்கப் போட்டிருந்த ரவிக்கையின் உள்பக்கத்தில் ரத்தப் பொட்டு இருந்தது. கொல்லையில் தென்னை மூட்டில் அவள் மறைந்து நின்று பாலைப் பீய்ச்சி விட்டதைப் பார்த்தேன். கெட்ட பால் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது, பார்! ஏகாதசி உபவாசத்துக்கு மறுநாள் துவாதசி காலையில் அவள் வாந்தி எடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கொல்லைக் கதவருகே மாணிக்கக் கோனாரோடு நின்று கால்மணி நேரம் பேசினாள். கோனாருக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். ஒன்று விடாமல் அம்மாவின் காதில் போட்டேன். கோனார் இதை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டால் என்னை மன்னிக்க வேண்டும்.

அம்மா மன்னியைக் கூடத்துக்கு அழைத்தாள். "கோதை, உண்மையைச் சொல்லு. நாள் தள்ளியிருக்கா?"

"குழந்தை பொறந்ததுலேர்ந்து இன்னும் நான் விலகி உட்காரவேயில்லையேம்மா. எதைன்னு கணக்கு வெச்சுக்கறது?" அவள் உள்ளதைச் சொன்னாள். அந்த உண்மையே அவளுக்கு எதிராகப் போயிற்று.

"பெருமாள் சத்தியமா ஒண்ணுமில்லைம்மா. நாலு மாசம் பொறுத்துக்கோங்கோ, உங்க கண்ணுக்கே தெரியும்."

"நாலு மாசம் ஊர் வாயை மூடிண்டு இருக்குமா?" என்றாள் அம்மா.

அன்று மத்தியானம் அம்மா சொல்லச் சொல்ல லால்குடிக்கு நான்தான் கார்டு எழுதினேன். உடனே புறப்பட்டு வந்து பெண்ணை அழைத்துப் போகவும் என்று இரண்டே வரி. குழந்தை எங்கள் வம்சம், அது எங்களோடுதான் இருக்கும் என்றாள் அம்மா. கெட்ட பால் குடித்துச் சாக வேண்டாமாம். இனி வேதாவுக்குப் பசும்பால்தான், அதையும் நான்தான் புகட்ட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. மன்னி மறுபேச்சுப் பேசவில்லை. அவளுக்கு மானமும் போயிற்று, குழந்தையும் போயிற்று. எனக்கோ, உள்ளதைச் சொல்கிறேன், உள்ளுக்குள் இனித்தது.

என் மடியில் ஒரு குழந்தை! வெள்ளிப் பாலாடையில் பாலை ஊற்றி, அதன் மூக்கை உதட்டோரம் வைத்து, சொட்டுச் சொட்டாக விடுவேன். வேதா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குவாள். மறுநாள் காலை அப்படிப் புகட்டிக்கொண்டிருந்தபோது, குழந்தை தலையை ஆட்ட, பாலாடை வாய்க்குள் இடித்தது. 'டிக்' என்று ஒரு சத்தம்.

வெள்ளி ஈறில் பட்டால் சத்தம் வராது. இன்னொரு தரம் வேண்டுமென்றே தட்டினேன். 'டிக்'. விரலை விட்டுப் பார்த்தேன். கீழ் ஈறில் அரிசி முனையளவு கூர்மை நெருடியது. அந்த ஒரு முனையில் எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. அலறல் ஏன், ரத்தப் பொட்டு ஏன், குழந்தை ஏன் மார்புக்குப் பயப்படுகிறது, குடிக்காத பால் கட்டிக்கொண்டு வலித்தால் பீய்ச்சாமல் என்ன செய்வாள், எல்லாமே விளங்கிற்று.

நான் சொல்லவில்லை.

சொன்னால் வேதா மன்னியின் மடிக்குப் போய்விடுவாள். அதுதான் காரணம். வேறு எதையும் சொல்லிப் பூச விரும்பவில்லை. என் சந்தேக புத்தியும் கைகொடுத்தது. பல்லும் இருக்கும், அதுவும் இருக்கும், யார் கண்டார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்று முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாளும் மூடிக்கொண்டிருந்தேன். மன்னி கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வேளையும் அவளுக்குக் கேட்கிற தூரத்தில், பாலாடை பல்லில் படாமல், பயந்து பயந்து புகட்டினேன்.

மூன்றாம் நாள் காலை லால்குடியிலிருந்து அவள் அப்பா வந்தார். காரணம் என்ன என்று கேட்டார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும்" என்றாள். "அப்போ குழந்தை?" என்றார். நான் வேதாவை இன்னும் இறுக்கிக்கொண்டேன். வயசானவர், புரிந்துகொண்டார். கையிலிருந்த பழச்சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார்.

மன்னி சின்ன டிரங்குப் பெட்டியோடு வந்தாள். அழுவாள், காலில் விழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். வேதாவைத் தொடவில்லை. "பத்மா, சாயங்காலம் காத்து அடிச்சா காதை மூடி விடு. வலப் பக்கம் சாய்ச்சாத்தான் தூங்குவா" என்றாள். பிறகு பாலாடையைக் கையில் எடுத்துத் தலைப்பால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "இதை ரொம்ப உள்ளே வைக்காதே. இடிக்கும்" என்றாள்.

எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். வாசற்படியில் அவள் ஒரு கால் வைத்ததும், "அம்மா! குழந்தைக்குப் பல் இருக்கு!" என்று கத்தினேன். "கடிச்சிருக்கா, அதான் ரத்தம்! மன்னி கத்தினா, குழந்தை பயந்துடுத்து! பால் கட்டிண்டு வலிச்சிருக்கு, அதான் பீய்ச்சி விட்டா! ஏகாதசிப் பட்டினில வாந்தி வராம என்ன பண்ணும்? நான்தான் தப்பாச் சொன்னேன், அத்தனையும் தப்பு!"

அம்மா ஓடிவந்து விரலை விட்டாள். வெகுநேரம் தடவினாள். "கீழ்ப் பல்லுதான். மாமனுக்கு ஒரு தோஷமும் இல்லை" என்றாள்! மேல் பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்பார்களே, அதுதான் இத்தனை நாள் வீட்டில் விவாதம் என்பதுபோல. பிறகு சம்பந்திக்குக் காபி கலக்க உள்ளே போய்விட்டாள். "உனக்கு எப்படிடி தெரிஞ்சது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். "இப்போதான், பாலாடை பட்டுச் சத்தம் கேட்டது" என்றேன்.

இப்போதான். இதுதான் நான் சொன்ன பொய். மன்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க போயிட்டு வாங்கோப்பா. குழந்தைக்குப் பசிக்கறது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பெட்டியை வைத்த இடத்திலேயே விட்டு உள்ளே வந்தாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, "வந்ததுக்குப் பேத்தி பல்லைப் பார்த்தேன்" என்று சொல்லிப் புறப்பட்டார்.

வேதா உடனே பால் குடித்துவிடவில்லை. நாலு நாள் ஆயிற்று. மன்னி நிலைக்கதவைச் சாத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, ஈரத்துணியால் ஈறைத் தடவி, குழந்தை கண் சொருகும் நேரம் பார்த்து அணைத்துக்கொள்வாள். இரண்டு தரம் மறுபடி கடிபட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தமே போடாமல் இருந்தாள். பால் வற்றாமல் வைத்திருக்கும் உபாயத்தையும் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாள். கோனாரிடம் அவள் கால்மணி நேரம் பேசியது அதுதான். கன்று ஊட்டாவிட்டால் மடி கட்டிப்போகுமே, என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறாள். வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பீய்ச்சி விடுங்க தாயி, அப்படியே விட்டா பாலே மறந்துபோயிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு பதினேழு வருஷம், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மன்னி, "பத்மா காதுதான் என்னைக் காப்பாத்தித்து" என்று சொல்லிவந்தாள். நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கத்தியது என் வாய். அவள் ஏன் எப்போதும் காது என்றே சொன்னாள்? நன்றியா, குத்தலா? அண்ணா ரங்கூனிலிருந்து திரும்பியதும், "பத்மாவை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பணும்" என்று பிடிவாதம் பிடித்தவளும் மன்னிதான். என் நன்மைக்கா, என்னை வீட்டைவிட்டு அனுப்பவா? இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். இரண்டாகவும் இருக்கலாம், இருந்தாலும் தப்பில்லை.

பதின்மூன்றாம் நாள் எல்லாம் முடிந்த பிறகு வேதா என்னை உள்ளே கூப்பிட்டாள். மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தாள். அந்தப் பாலாடை. "ஜுரத்துல அம்மா ரெண்டு தரம் சொன்னா, அத்தே. இது உனக்கு இல்லை, அத்தைக்குன்னா. 'முதல் தரம் சத்தம் கேட்டப்போ நான் கதவுக்குப் பின்னாலதான் இருந்தேன்னு அவகிட்ட சொல்லு. அவ சொல்லிடுவான்னு தெரியும், அதான் காத்துண்டிருந்தேன்னு சொல்லு' அப்படின்னா."

இரண்டு நாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்து, பேர் கெட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறாள். அவளே கத்தியிருக்கலாமே என்று என் புத்தி இப்போதும் கேட்கிறது. கத்தியிருந்தால், தப்பிப்பதற்குப் பல்லைக் காட்டுகிறாள், பல்லும் இருக்கும் அதுவும் இருக்கும் என்று முதலில் சொல்லியிருப்பவள் நான்தான். முடிச்சுப் போட்டவளே அவிழ்த்தால்தான் அம்மா நம்புவாள் என்று இருபது வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவிழ்ப்பேன் என்று என்னை நம்பியும் இருக்கிறாள். யாரையும் நம்பாத என்னை.

அந்தப் பாலாடை இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அதன் மூக்கில், உள்பக்கம், நகத்தால் தடவினால் சிறு பள்ளம் ஒன்று தட்டுப்படும். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அவள் எனக்காகப் பொறுத்த அந்த இரண்டு நாட்களும்தான். இனிமேல் மன்னியைக் காப்பாற்றியவள் என்று என்னை யாரும் சொல்லாதீர்கள்.

பாலாடையைக் கொடுத்த அன்று, "என்ன சத்தம் அத்தே?" என்று வேதா கேட்டாள். அன்றும் நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அதைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஜட்கா ஏறிவிட்டேன். இதை நீ படிப்பாய் என்று தெரியும், வேதா. சொல்கிறேன். அது உன் பல், அம்மா.